இரண்டடித் தண்ணீர் காணாமற்போன கணக்கு

முப்பத்திரண்டு வருடச் சேவையில் நான் கணக்கு வாத்தியாராக இருந்தது மூன்றே மாதம். அதன் பயனாக ஒரு குளத்தில் இரண்டடித் தண்ணீர் ஒரே இரவில் காணாமற் போனது. குளக்கட்டு உடைப்பெடுக்கவில்லை. தண்ணீர் திறந்துவிடும் துருசை யாரும் திறக்கவில்லை. வெயிலும் வழக்கமான வெயில்தான். நான் படிப்பித்த கணக்கு ஒன்றுதான் காரணம்.

இதை இப்போது எழுத வேண்டி வந்தது, போன கிழமை என் வீட்டுக்கு வந்த ஓர் இளம் உத்தியோகத்தரால். அடியும் அங்குலமும் போய் மீற்றர் வரப்போகிறதாம். அதற்கு முன் வளர்ந்தவர்களுக்குக் கணக்கு வகுப்பு வைக்க வேண்டுமாம். "ஐயா, எங்கட ஆக்களுக்கு அடிப்படைக் கணக்கே வராது. நீங்கள் அந்தக் காலத்திலை கூலியாக்களுக்குப் படிப்பிச்சு எல்லாரையும் பாஸ் பண்ண வைச்சனீங்கள் எண்டு பழைய ஃபைலிலை கிடக்கு. அந்த அனுபவத்தை ஒருக்கா எழுதித் தாங்கோ" என்றார். ஃபைலில் கிடப்பது உண்மைதான். ஃபைலில் கிடக்காததும் கொஞ்சம் உண்டு. ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரத்தில் சொல்லி முடிகிற கதையல்ல என்பதால், எழுதித் தருகிறேன் என்று அவரை அனுப்பிவைத்தேன்.

நான் யாழ்ப்பாணத்தில் படித்தவன். கணக்கு எனக்கு முதுகு வழியாக ஏறியது. எங்கள் வாத்தியார் ஒரு பூவரசந் தடி வைத்திருந்தார். வாய்பாட்டில் எங்கே தடக்குப்படுகிறோமோ அங்கே அது விழும். பதினாறாம் வாய்பாடு இன்றைக்கும் நித்திரையில் கேட்டாலும் வரும். பதினாறை ஏழால் பெருக்கி என்ன செய்வது என்பதை மட்டும் அவர் கடைசிவரை சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை, கேட்டால் அதற்கும் தடி உண்டு. அவருக்கு ஒரு மந்திரம் இருந்தது: "கண்ணை நம்பாதை, கணக்கை நம்பு." ஒரு மாம்பழக் குவியலைப் பார்த்து "இருபது இருக்கும் சேர்" என்று ஒருவன் சொல்லிவிட்டால் அவனுக்கு அன்றைக்கு நல்ல நாளில்லை. எண்ணிப் பார்த்து அது இருபதாகவே இருந்தாலும் அடி அடிதான்.

இந்த மந்திரத்தோடு சோதனை பாஸ் பண்ணி, பயிற்சி என்ற பெயரில் இரண்டு வருடம் அளவைச் சங்கிலி இழுத்து, ஐம்பதுகளின் நடுவில் குளம், வாய்க்கால் வேலைகளை மேற்பார்க்கும் ஓவசியராக வன்னிக்கு வந்தேன். நெடுங்கேணியிலிருந்து காட்டுப் பாதையில் ஏழெட்டு மைல் போனால் பாலையடிக் குளம். பழைய குளத்தைத் திருத்தி, அதன் கீழே காடு வெட்டி, பெரும்பாலும் எங்கள் பக்கத்து ஆட்களைத்தான் குடியேற்றியிருந்தார்கள். குளத்துக்குக் கிட்ட இருந்தவை மேல்வாய்க்கால் காணிகள். ஒன்றரை மைல் தள்ளிக் கடைசியில் கிடந்தவை கீழ்வாய்க்கால் காணிகள். குளத்தில் தண்ணீர் குறைந்தால் யாருக்கு முதலில் இல்லாமற் போகும் என்று சொல்ல எந்தக் கணக்கும் தேவையில்லை.

குளத்துக் காவலாளி முருகேசு. நாட்கூலி. எழுத்து வாசனை இல்லை. இலக்கங்களை மட்டும் பார்த்தால் அடையாளம் தெரியும். துருசடியில் தண்ணீருக்குள் ஓர் அளவுப் பலகை நட்டிருந்தது. ஓரடிக்கு ஒரு நீளக் கோடு, பக்கத்தில் இலக்கம். ஒவ்வோர் அடியும் சின்னக் கோடுகளால் பத்தாகப் பிரிக்கப்பட்டிருந்தது. கூட்டிக் கழிக்க வசதி என்று எஞ்சினியர்மார் அடியைப் பத்தாகத்தான் பிரிப்பார்கள். எஞ்சினியர் கந்தோரில் இருந்த தண்ணீர்க் கணக்கு அட்டவணைகளும் அந்தக் கணக்கில்தான் இருந்தன. விடிந்ததும் முருகேசு பலகையைப் பார்ப்பார். பிறகு என்னிடம் வருவார். வேட்டியின் இடப்பக்க மடியிலிருந்து தென்னை ஈர்க்குத் துண்டுகளை எடுத்து மேசையில் வைப்பார், அது அடி. வலப்பக்க மடியிலிருந்து இன்னும் சில, அது கோடு. இடப்பக்கம் பன்னிரண்டு, வலப்பக்கம் மூன்று என்றால் நான் புத்தகத்தில் 12 – 3 என்று எழுதுவேன். ஆறு வருடத்தில் ஒருநாளும் பிழைத்ததில்லை. எனக்கு நம்பிக்கையில்லாமல் நானே போய்ப் பார்த்த நாட்களிலும் பிழைத்ததில்லை.

ஈர்க்கில்லாமலும் அவருக்குக் கணக்கு வரும். லொறி கொண்டுவந்து கொட்டிய கிரவல் குவியலைச் சுற்றி ஒருமுறை நடப்பார். "ரெண்டு கியூப்பும் கொஞ்சமும் வரும் ஐயா" என்பார். நான் நாடா பிடித்து, நீளம் அகலம் உயரம் எழுதி, நூறு கன அடி ஒரு கியூப் என்று வகுத்து, அரை மணித்தியாலம் வியர்த்துக் கொட்டினால் இரண்டு கியூப்பும் கொஞ்சமும் வரும். கிரவல் காண்டிராக்டருக்கு அவரைக் கண்ணிலே காட்டக் கூடாது.

இப்படியிருக்கையில் ஒரு சுற்றுநிருபம் வந்தது. நாட்கூலியாகப் பல வருடம் வேலை செய்தவர்கள் ஓர் எண்கணிதப் பரீட்சையில் சித்தியடைந்தால் நிரந்தரமாக்கப்படுவர். வயது நாற்பத்தைந்துக்கு மேற்படக்கூடாது. வகுப்பை அந்தந்த ஓவசியரே நடத்த வேண்டும். கூலியாட்களுக்குக் கணக்குத் தெரியாததால் வேலை கெடுகிறது என்று மேலிடத்தில் யாரோ கண்டுபிடித்திருந்தார்கள். முருகேசுவுக்கு அப்போது நாற்பத்து நாலு. நிரந்தரம் என்றால் பென்சன். இல்லையென்றால், கால் வழங்குகிற வரைக்கும் குளக்கட்டில் நடந்துவிட்டு ஒருநாள் நின்றுவிட வேண்டியதுதான்.

பின்னேரம் நாலு மணிக்கு, சீமெந்துக் கொட்டிலில் வகுப்பு. பன்னிரண்டு பேர். உட்கார வாங்கு இல்லை, சீமெந்து மூட்டைதான். எனக்குத் தெரிந்த ஒரே முறையில் படிப்பித்தேன், தடி மட்டும் இல்லை. "ஓரடி பன்னிரண்டு அங்குலம், மூன்றடி ஒரு யார்" என்று அவர்கள் உடம்பை ஆட்டி ஆட்டிப் பாட, கொட்டில் தகரம் அதிரும். ஏன் பன்னிரண்டு என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கும் தெரியாது.

பாட்டு நன்றாகத்தான் போனது; புத்தகக் கணக்குக்கு வந்ததும் கரைச்சல் தொடங்கியது. "ஒரு வேலையை எட்டு ஆட்கள் ஆறு நாளில் முடிப்பர். பன்னிரண்டு ஆட்கள் எத்தனை நாளில் முடிப்பர்?" என்று கேட்டேன்.

"என்ன வேலை ஐயா?" என்றார் ஒருவர்.

"என்ன வேலையாயிருந்தால் என்ன?"

"மண்வெட்டி எத்தனை இருக்கு?"

"அந்த எட்டுப் பேரிலை ஓவசியரின்ர சொந்தக்காரர் ஆரும் இருக்கினமோ?" என்று பின் மூட்டையிலிருந்து இன்னொருவர்.

முருகேசு மட்டும் சிரிக்கவில்லை. கொஞ்சநேரம் யோசித்துவிட்டு, "நாலு நாள். ஆனா வேலை குளக்கட்டிலை எண்டால் ஐஞ்சு நாள் ஐயா. பன்னிரண்டு பேர் ஒரே இடத்திலை நிண்டால் ஆளுக்காள் இடிபடுவாங்கள்" என்றார்.

"விடை நாலு. குளக்கட்டையும் இடிபடுறதையும் விடும். கணக்கிலை இருக்கிறதை மட்டும் பாரும்" என்றேன்.

அவர் கண்மதிப்பிலே விடை சொல்லிவிடுவார்; செய்கை எழுதமாட்டார். அது எனக்குப் பெரிய தலையிடி. ஒருநாள் சத்தம் போட்டேவிட்டேன். "கண்மதிப்புக்குப் புள்ளி இல்லை, முருகேசு! கண்ணை நம்பாதையும், கணக்கை நம்பும். வகுத்துப் பாரும், வகுத்ததைத் திரும்பப் பெருக்கிப் பாரும். சரி வந்தால் அதுதான் உண்மை." அவர் தலையைக் குனிந்துகொண்டு "ஓம் ஐயா" என்றார். அன்றிலிருந்து சிலேற்றும் கையுமாகத்தான் திரிந்தார். மாடு மேய்க்கப் போகிற இடத்திலும் பன்னிரண்டால் வகுத்துக்கொண்டிருந்தார் என்று அவருடைய மனுசி வந்து என்னிடம் முறைப்பாடு சொன்னா. நான் பெருமைப்பட்டேன். அந்தப் பெருமை இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

பரீட்சை வைக்க எஞ்சினியர் வந்தார். அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மாதத்தில் ஒருமுறை ஜீப்பில் வருவார். வெள்ளைக் கான்வஸ் சப்பாத்து. சேறு படுமென்று குளக்கட்டில் ஏறமாட்டார். ஒரு மருதமர நிழலில் மடக்கு மேசை, மடக்குக் கதிரை, பச்சை மைப் பேனை. யார் என்ன சொன்னாலும் அவர் கேட்பது ஒரே கேள்விதான்: "எழுத்திலை இருக்கோ?" மிகைநீர் வழிகிற வான் பக்கம் அரிக்கிறது என்றால், எழுத்திலை இருக்கோ? குடிக்கத் தண்ணீர் வேண்டுமா என்றால்கூட ஒருகணம் அந்தக் கேள்வி அவர் வாய்வரைக்கும் வந்து திரும்பிப் போவதைக் கண்டிருக்கிறேன். கெட்ட மனிதரல்ல. ஒரு சதம் லஞ்சம் வாங்காதவர், யாரையும் தூஷணத்தில் பேசாதவர். கடதாசியில் இல்லாத எதையும் நம்பினால் தன் வேலை போய்விடும் என்று பயந்தவர். அந்தப் பயம் எனக்கும் இருந்தபடியால் எங்களுக்குள் நல்ல ஒற்றுமை.

ஐந்து கணக்கு, அவரே வாசித்துச் சொன்னார். முருகேசுவுக்கு ஐந்தும் சரி. செய்கையோடு. எஞ்சினியர் அந்தத் தாளைப் பிடித்து வெயிலில் பார்த்தார், கள்ள நோட்டோ என்று பார்ப்பதுபோல. பிறகு என்னைப் பார்த்து, "ஓவசியர், இது பெரிய சாதனை. நான் இதை மேலிடத்துக்கு எழுதப்போறன்" என்றார். எழுதினார். அதோடு நிற்காமல் ஒரு கட்டளையும் போட்டார். கணக்குத் தெரிந்த காவலாளிக்கு ஈர்க்கு எதற்கு? இனி நீர்மட்டத்தை முருகேசுவே அளந்து, முருகேசுவே புத்தகத்தில் எழுதி, முருகேசுவே கந்தோருக்கு அனுப்பட்டும். ஓவசியர் கை வைக்கத் தேவையில்லை.

அடுத்த நாள் என்னை விசுவமடுப் பக்கத்தில் ஒரு மதகு வேலைக்கு அனுப்பிவிட்டார்கள். நான் கடைசியாக எழுதிய நீர்மட்டம் 12 – 1. இரண்டு கிழமை பாலையடிக் குளத்தை நான் காணவில்லை.

நான் திரும்பி வந்த நாள் பயிர்ச்செய்கைக் கூட்டம். பங்குனி மாதம். வெயில் காலச் சிறுபோகத்துக்கு யார் யாருக்குத் தண்ணீர் என்று தீர்மானிக்கிற கூட்டம். விதி எளிது. குளத்தில் பதினோரடிக்கு மேல் இருந்தால் எல்லாக் காணிக்கும் தண்ணீர். பத்தடிக்குக் கீழே போனால் மேல்வாய்க்காலுக்கு மட்டும். இரண்டுக்கும் இடையில் நின்றால் கூட்டத்தில் அடிபாடு. பழைய ஊர்களில் தண்ணீர் குறைந்தால் மேற்காணியைப் பங்குபோட்டு எல்லாரும் கொஞ்சம் கொஞ்சம் விதைப்பார்கள். புதுக் குடியேற்றத்தில் அந்தப் பழக்கம் இன்னும் வேர்விடவில்லை.

குளக்கட்டு வழியாகச் சைக்கிளில் வரும்போது தண்ணீரைப் பார்த்தேன். நல்ல தண்ணீர். கீழ்வாய்க்கால் ஆட்களுக்கு இந்த முறை கவலையில்லை என்று நினைத்துக்கொண்டுதான் மருத மரத்தடிக்கு வந்தேன். எஞ்சினியர் எழுந்து நின்று வாசித்துக்கொண்டிருந்தார்.

"இண்டைய நீர்மட்டம் ஒன்பது அடி ஒன்பது. ஆகவே கீழ்வாய்க்கால் காணிகளுக்கு இந்தச் சிறுபோகம் தண்ணி இல்லை. ரெண்டு கிழமைக்கு முன்னம் ஒரே இரவிலை ரெண்டடித் தண்ணி குறைஞ்சிருக்கு. நான் காவலாளியிட்டை எழுத்திலை விளக்கம் கேட்டன். தான் ரெண்டுதரம் சரிபார்த்ததெண்டு ஆளைக் கொண்டு எழுதுவிச்சு எழுத்திலை தந்திருக்கிறார். அப்ப களவாத் துருசு திறக்கப்பட்டிருக்கு. ஆர் திறந்தது எண்டு நான் சொல்லத் தேவையில்லை."

மேல்வாய்க்கால் ஆட்கள் கீழ்வாய்க்கால் ஆட்களைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் மேசைக்குக் கிட்டப் போய்ப் புத்தகத்தைத் திறந்தேன். என் கையெழுத்தில் 12 – 1. அதன் கீழே முருகேசுவின் மொத்தமான இலக்கங்கள்: 10 – 1. சில நாள் கழித்து 10 – 0. அதற்குப் பிறகு 9 – 11, கடைசியில் இன்றைய 9 – 9.

அந்தப் பதினொன்றில் என் கண் நின்றுவிட்டது. பலகையில் பதினோராவது கோடு என்று ஒன்று கிடையாது. பத்தோடு அடி முடிந்துவிடும். பதினொன்று எங்கிருந்து வந்தது? சீமெந்துக் கொட்டிலிலிருந்து வந்தது. ஓரடி பன்னிரண்டு அங்குலம். மனதுக்குள் பெருக்கிப் பார்த்தேன். பன்னிரண்டு அடி ஒரு கோடு என்றால் மொத்தம் நூற்றிருபத்தொரு கோடு. அதைப் பன்னிரண்டால் வகுத்தால் ஈவு பத்து, மீதி ஒன்று. மனிதர் ஒவ்வொரு கோட்டையும் ஓர் அங்குலமாக எடுத்து, தினமும் விடிய எழும்பி, பிழையே இல்லாமல் வகுத்திருக்கிறார்.

அந்த நேரத்தில் நான் வாய் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. மேசையில் இரண்டு கடதாசிகள் கிடந்தன. ஒன்று கீழ்வாய்க்காலுக்குத் தண்ணீர் இல்லை என்ற கட்டளை. மற்றது முருகேசுவை நிரந்தரமாக்குகிற பத்திரம். இரண்டும் அன்றைக்கே கையெழுத்தாக இருந்தன. நான் பேசினால் முதலாவது கிழியும். அதோடு இரண்டாவதும் கிழியும். நாற்பத்தைந்து வயதாக முருகேசுவுக்கு இன்னும் ஒரு மாதம்தான் இருந்தது. பேசாவிட்டால் கீழ்வாய்க்காலில் இருபத்திரண்டு குடும்பம் ஒரு போகத்தை இழக்கும், அதுவும் கள்ளர் என்ற பெயரோடு. என்னுடைய பதவி உயர்வும் அந்தச் "சாதனை"யில் தொங்கிக்கொண்டிருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். நான் புத்தகத்தை மூடிவிட்டு நின்றேன்.

கூட்டத்தின் பின்னாலிருந்து அன்னமுத்து எழுந்தா. கடைசி வாய்க்காலில் கடைசிக் காணி அவாவுடையது. புருசன் படுக்கையில் கிடக்கும் வருத்தக்காரன், வயல் முழுக்க அவாவின் கையில்தான். போன மாரிக் காலபோகம் வெள்ளத்தில் அழுகிப்போனதில் அவாவிடம் மிஞ்சியிருந்தது விதைநெல் மட்டும்.

"ஐயா, களவாத் திறந்த தண்ணி என்ர வயலுக்கு வந்திருந்தால் அது வெடிச்சுக் கிடக்குமே? வந்து பாருங்கோவன், கால் வைச்சால் வெடிப்புக்குள்ளை போகும்."

"அம்மா, நீர்மட்டம் குறைஞ்சிருக்கு. அதுக்குப் பதிவு இருக்கு."

"ஆர் சொன்னது குறைஞ்சதெண்டு? நான் நாளாந்தம் துருசடிக் கல்லிலை நிண்டு குளிக்கிறனான். ரெண்டு கிழமைக்கு முன்னம் தண்ணி என்ர முழங்காலுக்கு நிண்டது. இண்டைக்கு விடியவும் நிண்டு பார்த்தன். ஆறு விரல் இறங்கியிருக்கு, அவ்வளவுதான். ரெண்டடி இறங்கியிருந்தால் கல்லும் தண்ணியோடை சேந்து ரெண்டடி இறங்கினதோ?"

எஞ்சினியர் பேனையை மூடினார். "எழுத்திலை இருக்கோ?"

"என்ர காலிலை இருக்கு, ஐயா."

சிரிப்பு அடங்கக் கொஞ்சநேரம் எடுத்தது. மேல்வாய்க்கால் ஆட்களும் சிரித்தார்கள். அன்னமுத்து சிரிக்கவில்லை. "நீங்கள் சிரிப்பியள். தண்ணி இல்லையெண்டால் நான் விதைநெல்லைக் குத்திச் சமைக்க வேண்டியதுதான். அதுக்குப் பிறகு எந்தப் போகத்துக்கு விதைக்கிறது? ஓவசியர் தம்பி, நீங்கள் இப்பதானே கட்டாலை வந்தனீங்கள். உங்கட கண்ணுக்கு என்ன தெரிஞ்சது?" என்றா.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். கண் என்று கேட்டுவிட்டா. "தண்ணி இருக்கு, ஐயா. ஒருக்கா வந்து பலகையைப் பாருங்கோ" என்றேன்.

அன்றைக்குத்தான் அந்த வெள்ளைச் சப்பாத்து முதன்முதலாகக் குளக்கட்டில் ஏறியது. பின்னால் ஊரே வந்தது. முருகேசு சிலேற்றையும் வெண்கட்டியையும் எடுத்துக்கொண்டு ஓடிவந்து முன்னால் நின்றார். அவருக்கு ஒரு கலக்கமும் இல்லை. பரீட்சை இரண்டாம் தரம் நடக்கிறது என்று நினைத்தாரோ என்னவோ.

"பாருங்கோ ஐயா. பதினொண்டுக்கு மேலை ஏழு கோடு. ஒரு கட்டத்துக்குப் பத்துக் கோடு. பதினொரு பத்து நூற்றிப்பத்து. ஏழும் நூற்றிப்பதினேழு. அடிக்குப் பன்னிரண்டு அங்குலம். பன்னிரண்டாலை வகுத்தால் ஒன்பது, மீதி ஒன்பது. திரும்பப் பெருக்கிப் பாக்கிறன். ஒன்பது பன்னிரண்டு நூற்றியெட்டு. ஒன்பதைக் கூட்ட நூற்றிப்பதினேழு. சரி ஐயா."

எஞ்சினியர் சிலேற்றை வாங்கிப் பார்த்தார். பழக்க தோஷத்தில் ஒவ்வொரு வரியாகச் சரிபார்த்தார். ஒரு பிழையும் இல்லை. பிறகு பலகையைப் பார்த்தார். பதினொன்று என்ற இலக்கம் தண்ணீருக்குள் தெளிவாகத் தெரிந்தது.

"பதினொண்டு எண்டு எழுதியிருக்கே. அது உமக்குத் தெரியேல்லையோ?"

"தெரிஞ்சது ஐயா. ஆனா பலகைக்குப் பெயின்ற் அடிச்சவன் அடிக்குப் பத்துத்தான் போட்டிருக்கிறான். அடிக்கு ரெண்டு அங்குலத்தை அமத்திப்போட்டான். நான் அதைத் திருத்தித்தான் எழுதினனான். அவன் சோதனை எழுதாதவன் போலை" என்றார் முருகேசு.

எஞ்சினியர் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். "ஓவசியர், இவருக்கு ஆர் கணக்குப் படிப்பிச்சது?"

"நான்தான் ஐயா."

"ஆர் சோதனை வைச்சது?" என்று அவர் கேட்கவில்லை. அதை அவரே அறிவார். மேலிடத்துக்கு அவர் எழுதிய கடிதமும் எங்கள் இருவருக்கும் நடுவில் வந்து நின்றது. கணக்கில் கெட்டிக்காரர் என்று பச்சை மையில் எழுதிய ஒருவரை, மை காய்வதற்கு முன் மடையன் என்று எழுத முடியாது. பலகையை இப்படித்தான் பிரிப்பது என்று ஒரு வார்த்தை சொல்லிக்கொடுத்திருந்தால் இது நடந்திராது என்று எழுதினால், சொல்லிக்கொடுக்காதவர் யார் என்ற கேள்வி வரும். சப்பாத்தில் சேறு பட்டதை அவர் கவனிக்கவேயில்லை.

பிறகு மேசைக்கு வந்து நாலு வரி எழுதினார். பாலையடிக் குளத்தின் அளவுப் பலகை பிழையாகப் பூசப்பட்டிருந்தமை கண்டுபிடிக்கப்பட்டது. திருத்திய நீர்மட்டம் பதினோரடிக்கு மேல். எல்லாக் காணிகளுக்கும் தண்ணீர் வழங்கப்படும். பிழையான பலகை உடனடியாக அகற்றப்பட வேண்டும். கீழ்வாய்க்கால் ஆட்களிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. மன்னிப்புக்குப் படிவம் இல்லை. அடுத்த கடதாசியை எடுத்து முருகேசுவின் பத்திரத்தில் கையெழுத்து வைத்தார். ஆக, முழுக் குற்றமும் பலகையின் தலையில் விழுந்தது. சேவையிலிருந்து நீக்கப்பட்டதும் அதுதான்.

ஒரு மாதத்தில் எனக்கு ஒரு பாராட்டுக் கடிதம் வந்தது. அளவுப் பலகையின் குறைபாட்டைக் கண்டுபிடிக்க உதவியமைக்காக. கூடவே புதுப் பலகையும் வந்தது, அடிக்குப் பன்னிரண்டு கோடு போட்டு. ஆனால் கந்தோரின் அட்டவணைகள் எல்லாம் பத்துக் கணக்கில்தானே இருந்தன? ஆகவே முருகேசு எழுதுகிற அங்குலத்தை ஓவசியர் நாளாந்தம் பத்தாக மாற்றி அனுப்ப வேண்டும் என்று கட்டளை. இடமாற்றம் வரும்வரை இன்னும் ஆறு வருடம், விடிய எழும்பிப் பத்தால் பெருக்கிப் பன்னிரண்டால் வகுத்தேன். நாலைந்து தடவை பிழையும் விட்டேன். ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை, எழுத்தில் இருந்தது அல்லவா.

சிறுபோகம் நன்றாக விளைந்தது. அறுவடை முடிந்து அன்னமுத்து ஒரு கடகம் நிறையப் புது அரிசி கொண்டுவந்து என் குசினி வாசலில் வைத்தா. நான் பழக்க தோஷத்தில், "எவ்வளவு இருக்கும்?" என்று கேட்டுவிட்டேன்.

"நீங்கள் கணக்குப் பாத்தால் ரெண்டு கொத்துக் குறைஞ்சிடும் தம்பி. அப்பிடியே எடுங்கோ" என்றுவிட்டுப் போனா.

அந்த இளம் உத்தியோகத்தருக்கு இதில் என்ன பிரயோசனம் இருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. வகுப்பு நடத்தும் முறை பற்றி எழுதச் சொன்னார். நடத்திய முறையை எழுதிவிட்டேன். இன்னும் ஒன்று மிச்சமிருக்கிறது.

கூட்டம் முடிந்த அன்று பின்னேரம் முருகேசுவும் நானும் குளக்கட்டில் நின்றோம். அவர் கையெழுத்தான பத்திரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். அடி பத்தாகவும் பிரியும் என்று அப்போதுதான் அவருக்கு விளங்கப்படுத்தினேன். ஈர்க்கை ஒடித்துக் காட்ட, ஒரு நிமிடம்கூட எடுக்கவில்லை. விளங்கியதும் அவர் முகம் கறுத்துப் போனது. அன்னமுத்துவின் வீடிருந்த பக்கம் பார்த்தார்.

எனக்கு மனம் ஆறவில்லை. "முருகேசு, நீர் ஆறு வருசமா இந்தத் தண்ணியைப் பாக்கிறனீர். தண்ணி குறையேல்லை எண்டு உமக்குத் தெரியேல்லையே?" என்று கேட்டேன்.

"தெரிஞ்சது ஐயா. முதல்நாளே தெரிஞ்சது."

"பிறகேன் எழுதினனீர்?"

"நான் பயந்துபோய்த் திரும்பத் திரும்ப வகுத்துப் பார்த்தன். ஒவ்வொருக்காலும் சரியாத்தான் வந்தது. கண்மதிப்புக்குப் புள்ளி இல்லையெண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்" என்றார்.

அவர் பத்திரத்தை மடித்து மடியில் வைத்தார். வைத்த கையோடு, இடப்பக்க மடியிலிருந்து சில ஈர்க்குத் துண்டுகளை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். பிறகு வலப்பக்க மடியிலிருந்து இன்னும் சில. அந்த இரண்டு கிழமையும் ஒருநாள் தவறாமல் அவர் ஈர்க்கு ஒடித்துத்தான் வந்திருக்கிறார். வாங்கிப் பார்க்க நான்தான் இருக்கவில்லை.

எண்ணிப் பார்த்தேன். பதினொன்று. பிறகு ஏழு.